சத்தமில்லாத டிஸ்க்

மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் பத்துத் திருகாணிகள் இருந்தன. ஒன்பதைக் கழற்றிக் காந்தக் கிண்ணத்தில் போட்டாயிற்று. பத்தாவதன் தலை தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. தேன்மொழி அதன்மேல் ரப்பர் வளையத்தின் ஒரு துண்டை வைத்து, திருப்புளியை அழுத்தி, மெதுவாகத் திருப்பினாள். கழன்றுகொண்டது.

"எனக்கு முன்னாடி யாரோ இதத் தொறந்து பாத்திருக்காங்க டீச்சர். தப்பான திருப்புளி."

"எங்க வீட்டுக்காரர்தான். யூடியூப் பாத்து செஞ்சாரு" என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த பிரேமலா டீச்சர். "தொறக்க முடியலன்னதும் கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு, நீதான் அவசரக்காரின்னு சொல்லிட்டாரு."

"எவ்வளவு நேரம் எடுக்குது?"

"பட்டனத் தட்டிட்டுப் போயி மைலோ கலக்கி, குடிச்சு, கப்பையும் கழுவி வச்சிட்டு வருவேன். அப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும்."

தேன்மொழியின் கடை ஸ்கூடாயில், ஒரு துணி வெளுக்கும் கடையோடு பாதியாகப் பிரித்துக்கொண்ட கடை. ஒரு மேசை, ஒரு விளக்கு, பின்சுவரில் ஒரு அலமாரி. வருகிறவர்களில் பாதிப்பேர் பல்கலைக்கழக மாணவர்கள், மீதிப்பேர் ஆசிரியர்கள். எல்லாருக்கும் ஒரே நோய்: கணினி மெதுவாகிவிட்டது, புதிது வாங்கப் பணமில்லை. எல்லாருக்கும் அவள் ஒரே மருந்துதான் கொடுத்தாள். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றை வைப்பாள்.

டீச்சரின் பழைய டிஸ்கை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளங்கை அளவு, கனமானது. பக்கத்தில் புதியதை வைத்தாள். அது ஒரு மெல்லிய அட்டை போலிருந்தது.

"இவ்வளவு சின்னதா?" என்றார் டீச்சர். "இதுல எப்படி வேகம்?"

"பழசுக்குள்ள தட்டு சுத்துது. நிமிஷத்துக்கு அஞ்சாயிரத்து நானூறு சுத்து. ஒரு கை இருக்கு, அது போயித் தேடி எடுக்கணும். நீங்க பத்து விஷயம் கேட்டா பத்து தடவ போய் வரணும். சிங்கப்பூர் போற நம்ம பாலத்துல திங்கட்கிழம காலையில பாஸ்போர்ட் பாக்க ஒரே கவுண்டரத் தொறந்து வச்ச மாதிரி. இதுல சுத்துறதுக்கு ஒண்ணுமில்ல. எல்லாக் கவுண்டரும் ஒரே நேரத்துல தொறந்திருக்கு."

"அப்படி ஒரு நாள் அந்தப் பாலத்துல நான் பாத்ததே இல்லையே."

"நானும் பாக்கல. கம்ப்யூட்டருக்காவது கெடைக்கட்டும்."

பழைய டிஸ்கில் இருந்தவற்றை முந்தின நாளே, மூடியைத் திறக்காமல் கம்பி வழியே, புதியதற்கு நகலெடுத்திருந்தாள். மூடியைப் பொருத்தி, பட்டனைத் தட்டினாள். டீச்சர் கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் திரையில் அவருடைய பிள்ளைகளின் படம் வந்துவிட்டது. பதினான்கு விநாடி.

"அலமாக்" என்று வியந்தார் டீச்சர். பிறகு, "இனி மைலோ குடிக்கக்கூட நேரம் கெடைக்காது போல" என்றார்.

அடுத்தது துளை. இது தேன்மொழியின் கடையில் மாற்றமில்லாத சட்டம். மாற்றிய பழைய டிஸ்கை, அதன் சொந்தக்காரர் பார்க்க, மேசையில் பிடித்து வைத்து மூன்று இடத்தில் துளைபோடுவாள். எங்கோ ஒரு கடையில் ஒரு மாணவியின் படங்கள் பழைய டிஸ்கிலிருந்து வெளியே போய்விட்டதாக ஒரு பேச்சு வந்தது. அது உண்மையா பொய்யா என்று அவள் விசாரிக்கவில்லை. மறுநாளே துளைபோடும் இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டாள். அதனாலேயே பெண்பிள்ளைகள் தேடி வந்தார்கள்.

ஆனால் அன்று டீச்சரின் கைப்பேசி அடித்தது. பள்ளியில் ஓட்டப்பந்தயப் பயிற்சி, ஒரு பிள்ளை விழுந்துவிட்டது. "நீயே ஓட்டையப் போட்டுரு தேனு. உன்ன நம்பாம யார நம்புறது?"

"இல்ல டீச்சர். உங்க கண்ணு முன்னாடிதான். நாளைக்கு வாங்க."

டிஸ்கின்மேல் 'பிரேமலா டீச்சர்' என்று எழுதி ஒட்டி, இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தாள்.

டீச்சர் போன பத்தாவது நிமிடம் மகள் லோஷினி வந்தாள். சிங்கப்பூரில் பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை. தினமும் விடியுமுன் பாலத்தைக் கடந்து போய், மாலையில் திரும்புகிறவள். இருபத்து நான்கு வயது. இன்னும் மூன்று வாரத்தில் யுகேந்திரன் என்ற பையனோடு கல்யாணம்.

"மா, மண்டபத்து சவுண்ட் சிஸ்டம்காரர் கேட்டாரு. அப்பாவோட பேச்ச சனிக்கிழமைக்குள்ள குடுத்தா, மைக்ல சரியா வருதான்னு பாத்து வச்சிருவாராம்."

"சரி" என்றாள் தேன்மொழி. "எடுத்துத் தர்றேன்."

அதை எடுப்பது பற்றி அவள் ஐந்தரை வருடமாக நினைக்காமல் இருந்தாள்.

*

தேன்மொழி லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் தெப்ராவுக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தாள். ஹார்ட் டிஸ்க் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும் வெளியே. நுண்ணோக்கியின் கீழே, ஒரு கம்பிக் கையின் நுனியில், எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு தலையைப் பசைவைத்து ஒட்டவேண்டும். அந்தத் தலை தட்டின்மேல் படாமல் மிதந்து எழுத்தைப் படிக்கும். இடைவெளி சிகரெட்டுப் புகையின் ஒரு துகள்கூட நுழைய முடியாத அளவு. ஒரு துகள் விழுந்தால் தட்டு கீறிப்போகும், உள்ளிருப்பது எல்லாம் போகும். இப்படி ஒரு நாளைக்கு நானூறு தலை. இருபது வருடம்.

அதைப் பொற்காலம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த உடையைக் கழற்றி மாட்ட இருபது நிமிடம் ஆகும் என்பதால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். பாதிப்பேருக்குச் சிறுநீர்த் தொற்று. தேன்மொழிக்கு இரண்டு முறை.

இரண்டாயிரத்துப் பதினாறில் தொழிற்சாலையை மூடினார்கள். மேலாளர் எல்லாரையும் கூட்டி வைத்துத் திரையில் ஒரு கோடு இறங்குவதையும் ஒரு கோடு ஏறுவதையும் காட்டினார். இறங்குவது நாம் செய்வது, ஏறுவது எஸ்.எஸ்.டி. என்றார். தேன்மொழி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கவேண்டும் என்றாள். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோட்டார் இல்லை. தட்டு இல்லை. கை இல்லை, தலை இல்லை. காதருகே வைத்தாள். சத்தமும் இல்லை.

"இதுல நமக்கு வேலையே இல்லையே" என்றாள். மேலாளர் தலையாட்டினார்.

மற்றவர்கள் அழுதார்கள். அவள் மூன்று மாதக் கணினிப் பழுது வகுப்பில் சேர்ந்தாள். தன் வேலையைத் தின்ற பொருளையே வாங்கி வைத்து விற்றால் சோறு கிடைக்கும் என்று கணக்குப் போட்டாள். கணக்கு தப்பவில்லை. கீழே விழுந்தாலும் உடையாது, சூடாகாது, பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும், மெதுவான கணினியெல்லாம் எழுந்து ஓடும். தான் செய்ததைவிட அது நல்ல பொருள் என்று அவள் ஒப்புக்கொண்டாள். அதிலே அவளுக்கு வருத்தமில்லை.

அவளுடைய கணவர் குணாளன் கண்டெய்னர் லாரி ஓட்டினார். ஆனால் ஊரில் அவரை மைக் குணா என்றால்தான் தெரியும். கோயில் திருவிழாவில் அறிவிப்பு அவருடையது. காணாமல்போன பிள்ளை, கிடைத்த செருப்பு, அன்னதானம் எல்லாம் அவர் வாயால்தான் வரவேண்டும். தேர் வரும் வழியை மறித்து வண்டி நின்றால் அதன் எண்ணைச் சொல்லமாட்டார். "வெள்ள மைவிக்காரர் எங்கிருந்தாலும் வாங்க. அம்மாவே எறங்கி நடந்து வந்துருவாங்க போல, வண்டிய எடுங்க ஐயா" என்பார். கூட்டம் சிரிக்கும். ஊரில் பாதிப்பேர் ஓட்டுவது மைவி கார்தான். பத்து வெள்ளை மைவிக்காரர்கள் ஓடுவார்கள்.

குரல் கரகரத்தபோது மைக்கில் கத்தியதால் என்று நினைத்தார். ஆறு மாதம் தேனும் இஞ்சியும் குடித்தார். ஆறு மாதம் தாமதம். மூன்று வாரத்துக்குமேல் குரல் கட்டியிருந்தால் மருத்துவரிடம் போகவேண்டும் என்பது இப்போது தேன்மொழிக்குத் தெரியும், கடைக்கு வந்து யார் கரகரத்தாலும் சொல்லிவிடுகிறாள். அப்போது தெரியாது. குரல்வளையில் கட்டி. குரல்வளையை முழுதாக எடுக்கவேண்டும், கழுத்தில் துளைவைத்து அதன்வழியே மூச்சு விடவேண்டும் என்றார்கள்.

அறுவைக்கு நாலு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குணாளன் கோயிலிலிருந்து மைக்கைக் கொண்டுவந்தார். அப்போது லோஷினிக்குப் பதினேழு வயது, வகுப்புக்குப் போயிருந்தாள்.

"அவ கல்யாணத்துக்கு நான்தான் மைக் புடிப்பேன்" என்றார் குணாளன். குரல் பாதி காற்று. "இப்பவே பேசி வச்சிர்றேன்."

தேன்மொழி சமையலறை மேசையில் வீட்டு மடிக்கணினியை வைத்து மைக்கைச் செருகினாள். மின்விசிறியை நிறுத்தினாள். இரையும் என்று குளிர்ப்பெட்டியின் பிளக்கையும் பிடுங்கினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். பதினோரு நிமிடம் பேசினார்.

தேன்மொழி எதிரில் உட்கார்ந்து அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கும்போது கழுத்துக்குழி உள்ளே இழுத்தது. ஒரு வாக்கியத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினாள். உதடு நீலமாகிறதா என்று பார்த்தாள். தண்ணீரை நீட்டினாள். நடுவில் அவர் சிரித்தார், அவளும் சிரித்து வைத்தாள். முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. படுங்க கொஞ்ச நேரம்."

"தேனு, இத வாட்சாப்புல விட்டுறாத. எங்க அக்காகிட்ட போச்சுன்னா கிள்ளான் வரைக்கும் போயிரும். கல்யாணத்தன்னைக்கு எவன் கேப்பான்? அவளும் முன்னாடி கேக்கக்கூடாது. ஒரே எடத்துல வை. ரெண்டு எடம் வேணாம்."

"வாடிக்கைக்காரங்களுக்கு நான் மூணு எடத்துல வைக்கச் சொல்றேன்."

"நான் உன் வாடிக்கைக்காரன் இல்ல."

அதற்குமேல் அவள் வாதாடவில்லை.

அறுவைக்குப் பிறகு அவர் இருபத்தொரு மாதம் இருந்தார். தேன்மொழி கழுத்துத் துளையைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டாள். சளியைக் குழாய்விட்டு உறிஞ்சி எடுக்கும்போது பத்து விநாடிக்குமேல் போகக்கூடாது, அந்தப் பத்து விநாடி தானும் மூச்சை அடக்கிக்கொண்டால் அளவு தப்பாது. படுக்கையில் இரண்டு மணிநேரத்துக்கொருமுறை புரட்டவேண்டும். குணாளன் ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிப் பேசினார். லோஷினிக்கு ஒருமுறை எழுதிக் காட்டினார்: 'உன் கல்யாணத்துல அப்பா பேசுவேன். அம்மாகிட்ட இருக்கு.' லோஷினி அந்தப் பலகையை அழிக்கவிடாமல் படமெடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது அக்டோபரில் இறந்தார்.

இரண்டு மாதம் கழித்து வீட்டு மடிக்கணினியைத் திறந்தபோது அதன் டிஸ்க் டக், டக் என்றது. தலை தட்டைத் தேடித் திரும்பத் திரும்ப மோதும் ஓசை. அந்தத் தலைகளை ஒட்டியவளுக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை. அதிகபட்சம் சில நாள்தான் தாங்கும். உடனே கடைக்குக் கொண்டுபோய், பதினோரு நிமிடக் கோப்பை ஒரு எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினாள்.

புதியதில் அல்ல. கடையிலிருந்த புதியவை வாடிக்கைக்காரர்களுக்கு. வீட்டுக்கு என்றால் எப்போதும் கழித்ததுதான்: உடைந்த அரிசி, ஓரம் கிழிந்த துண்டு. வீடியோ வெட்டி ஒட்டும் ஒரு மாணவன் மூன்று வருடம் தேய்த்துவிட்டு மாற்றிக்கொண்டுபோன எஸ்.எஸ்.டி. ஒன்று இருந்தது. வேலை செய்தது. போதும் என்று நினைத்தாள்.

கோப்பின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். சரியாக இருந்தது. போட்டுக் கேட்கவில்லை. பிறகு பழைய டிஸ்கை மேசையில் பிடித்துவைத்து மூன்று துளை போட்டாள். சொந்தக்காரியும் அவளே, பார்த்தவளும் அவளே. சட்டம் சட்டம்தான்.

எஸ்.எஸ்.டி.யை மின்தடுப்புப் பையில் போட்டு, துணியில் சுற்றி, மாடியறை இரும்பு அலமாரியில் நகையோடும் பிறப்புப் பத்திரங்களோடும் வைத்துப் பூட்டினாள். மேற்கே பார்த்த அறை. மத்தியானத்துக்குமேல் அலமாரிக் கதவைத் தொட்டால் கை சுடும். சுழல்வது இல்லை, மோதுவது இல்லை, தேய்வது இல்லை. இனி இதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தாள்.

ஐந்தரை வருடம் அதை வெளியே எடுக்கவில்லை. கேட்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

*

லோஷினி கேட்ட அன்று மாலை வீட்டில் அந்த எஸ்.எஸ்.டி.யைச் செருகியபோது கணினி சிறிது நேரம் யோசித்துவிட்டு, இந்த டிஸ்கை அழித்து ஃபார்மட் செய்ய விரும்புகிறீர்களா என்று கேட்டது. வாடிக்கைக்காரர்களின் வீட்டில் இந்தக் கேள்வி வந்தால் எதையும் தொடாமல் தன்னிடம் கொண்டுவரச் சொல்வாள். வேறு கம்பியில் மாட்டினாள். வேறு கணினியில் மாட்டினாள். அதே கேள்வி. பிடுங்கிப் பையில் போட்டாள். லோஷினி அடுத்த அறையில் யாரோடோ பூமாலையின் நிறம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

காலையில் தெப்ராவுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். ஹாரூன் அங்கே தன் அண்ணனின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், செத்த டிஸ்குகளிலிருந்து கோப்புகளை மீட்டெடுக்கும் வேலை செய்கிறவன். தேன்மொழி தன்னால் முடியாததையெல்லாம் அவனுக்குத்தான் அனுப்புவாள்.

"யாருதுக்கா?" என்றான்.

"என்னோடது."

அவன் கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "நாலு நாள் குடுங்க."

ஐந்தாம் நாள் கூப்பிட்டான். போனாள். கீழேயிருந்து மீன்குழம்பு வாசனை வந்தது. ஹாரூன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"கோப்போட பேரு வந்திருச்சு. சைஸும் காட்டுது. உள்ள ஒண்ணுமில்லக்கா. நாலு செகண்ட் வருது. போடவா?"

"போடு."

குணாளன் தொண்டையைச் செருமினார். ஒருமுறை, இன்னொரு முறை, ஈரமும் கரகரப்பும் கலந்த நீளமான செருமல். "ஹலோ" என்றார். அதன்பிறகு எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விழுந்ததுபோல ஒரு இரைச்சல். பதினோரு நிமிடமும் அதுதான். ஹாரூன் நிறுத்தினான்.

"எதுல எழுதினீங்க? ரொம்பத் தேஞ்ச டிஸ்க்கா இருக்கே."

"கழிச்சுப் போட்டது."

"கரண்ட் குடுக்காம எவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?"

"அஞ்சரை வருஷம். மாடியில, இரும்பு அலமாரியில."

ஹாரூன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உள்ள இருக்கிறது எழுத்து இல்லைக்கா. சின்னச் சின்ன அறையில கொஞ்சம் கொஞ்சம் மின்சாரத்த அடைச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். அப்பப்ப மாட்டி ஓட விட்டா, அதுவே தேஞ்ச எடத்தப் பாத்துத் திரும்ப எழுதிக்கும். சும்மா போட்டு வச்சா கசியும். புதுசு நாள் தாங்கும். தேஞ்சது, அதுலயும் சூட்டுல..." நிறுத்தினான். "நீங்க அப்பப்ப எடுத்துக் கேட்டிருந்தீங்கன்னா இருந்திருக்கும்."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. தொழில்காரன் தொழில்காரிக்குச் சொன்னான்.

"தெரியும்" என்றாள். தெரிந்ததுதான். எங்கோ பொடி எழுத்தில் படித்திருந்தாள். அலுவலகங்களுக்குச் சொன்னது என்று விட்டுவிட்டாள்.

"பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கா? டக்டக்னு அடிச்சாலும் பரவாயில்ல. வேற டிஸ்க்லேர்ந்து தலையக் கழட்டி அதுல மாட்டி எடுத்துருவேன். பத்து வருஷத்து டிஸ்க்லயே எடுத்திருக்கேன்."

"ஓட்டை போட்டுட்டேன்."

"எத்தன?"

"மூணு."

ஹாரூன் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிப் பையில் போட்டான். கீழே யாரோ தே தாரிக் டீ இரண்டு என்று கத்தினார்கள். "சாப்பிட்டுப் போங்கக்கா" என்றான். அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். மத்தியானம் ஆகியிருந்தது, வண்டி ஓட்டவேண்டும், வயிற்றைக் காயப்போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

லோஷினி ஏழு மணிக்கு வந்தாள். அவள் குளித்துவிட்டு வரட்டும் என்று காத்திருந்து, சாப்பிட்ட பிறகு தேன்மொழி சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. எதில் எழுதினாள், எங்கே வைத்தாள், எதில் துளைபோட்டாள், ஹாரூன் என்ன சொன்னான், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நோயாளியின் வீட்டாருக்குச் சேதி சொல்லும்போது நல்ல மருத்துவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"அந்த நாலு செகண்டக் குடுங்க" என்றாள் லோஷினி.

கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

"இது அப்பாவோட இருமல். இது நோயி மா. அப்பா இல்ல."

"ஆமா."

"கோயில் வீடியோ எல்லாத்துலயும் உருமிதான் கேக்குது. நான் தேடிட்டேன் ஏற்கனவே." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "எல்லாருக்கும் சொல்றீங்க. மூணு எடத்துல வைங்க, மூணு எடத்துல வைங்கன்னு. கடைச் சுவத்துலகூட எழுதி ஒட்டியிருக்கீங்க."

"அப்பா ஒரே எடம் போதும்னாரு."

"அப்பா லாரி டிரைவர் மா. நீங்கதான கம்ப்யூட்டர் பாக்குறவங்க?"

தேன்மொழி சாப்பிட்ட தட்டுகளை ஒன்றாகச் சேர்த்தாள்.

"சரி. நீங்க அன்னைக்கு முன்னாடிதான உக்காந்திருந்தீங்க. என்ன சொன்னாரு? அதச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

தேன்மொழி யோசித்தாள். "வெள்ள மைவி ஒண்ணு வரும். மாப்பிள்ள வர்ற வழிய மறிச்சு நிக்குதுன்னு ஏதோ சொன்னாரு. சிரிச்சாரு."

"அப்புறம்?"

"உன் பேர மூணு தடவ சொன்னாரு. நீ சின்னப் புள்ளையில செருப்பத் தொலைச்சத ஏதோ..."

"எங்க தொலைச்சேன்? என்ன சொன்னாரு?"

"தெரியல."

"பதினோரு நிமிஷம் மா."

"நான் அவரோட மூச்சப் பாத்துக்கிட்டிருந்தேன். ஏழாவது நிமிஷத்துல உதடு லேசா நீலமாச்சு. ரெண்டு தடவ தண்ணி குடுத்தேன். கடைசி வாக்கியத்துக்கு நாலு மூச்சு எடுத்தாரு. அதெல்லாம் ஞாபகம் இருக்கு." கைகளைப் புரட்டிப் பார்த்தாள். "என்ன சொன்னாருன்னு கேக்கல. அப்புறம் கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

லோஷினி எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவினாள். தேன்மொழி துடைத்து அடுக்கினாள். பிறகு லோஷினி, முகத்தைத் திருப்பாமலே, சவுண்ட் சிஸ்டம்காரருக்கு வேண்டாம் என்று தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

மறுநாள் காலை ஏழரைக்கே தேன்மொழி கடையைத் திறந்தாள். பின்சுவர் அலமாரியில் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. கல்யாணப் படம், செத்தவர்களின் படம் என்று பத்திரமாக வைக்கச்சொல்லி வாடிக்கைக்காரர்கள் விட்டுப்போன எஸ்.எஸ்.டி.கள் ஒன்பது. ஒன்றை மாட்டினாள். கணினியில் கோப்புகள் வந்தன. முதல் படத்தைத் திறந்து பார்த்தாள், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. ஒரு குழந்தையின் காதுகுத்து வீடியோவை முழுதாக ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டி, முடியும்வரை கேட்டாள். பிறகு இன்னொரு டிஸ்குக்கு நகலெடுக்கப் போட்டாள். உறையின்மேல் தேதியை எழுதினாள். அடுத்ததை மாட்டினாள்.

நகல் ஓடிக்கொண்டிருந்தபோது பழைய ரசீதுப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் எண் சபாபதி என்ற ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். மனைவியின் படங்களை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றி வாங்கிப்போனவர்.

"தேன்மொழி பேசுறேன், ஸ்கூடாய் கடை. அந்தச் சின்ன டிஸ்க் எங்க வச்சிருக்கீங்க?"

"சாமி படத்துக்குப் பின்னால, பத்திரமா" என்றார் அவர்.

"எடுத்து கம்ப்யூட்டர்ல மாட்டுங்க ஐயா. மாட்டி, படத்தையெல்லாம் பாருங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பாக்கணும்."

"பாத்தா அழுக வருதும்மா."

"வரட்டும். பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் எழுந்து போகும் ஓசை கேட்டது. காத்திருந்தாள். படம் வந்துவிட்டது என்று அவர் சொன்னதும், இன்னொரு நகல் எடுக்க எப்போது வரமுடியும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

ஒன்பதரை மணிக்கு பிரேமலா டீச்சர் வந்து கைப்பையை மேசையில் வைத்தார். "ஒரு வாரமாச்சு. மன்னிச்சிக்க தேனு. எங்க, ஓட்டையப் போடு, பாக்குறேன்."

தேன்மொழி இயந்திரத்தின் பக்கத்திலிருந்த பழைய டிஸ்கை எடுத்து, பேப்பரில் சுற்றி, டீச்சரின் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்குக் கொண்டு போங்க டீச்சர். சூடுபடாத எடத்துல வைங்க."

"ஏன், போடலையா?"

"இப்ப வேணாம்" என்றாள். பிறகு கைப்பேசியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அடுத்த எண்ணை அழுத்தினாள்.